தங்கமே... உன் சைஸ் என்ன?

காலை ஆறு மணி. பெங்களூர் ஹைவேயில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி வருகின்றன. இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் இறங்குகிற கூட்டத்தில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். கழுத்தில் ஐ.டி. கார்டு, காலில் சேஃப்டி ஷூ, கண்ணில் பாக்கித் தூக்கம். அப்ரண்டிஸோ, டிப்ளமோ டிரெயினியோ, இல்லை ஒரு வாரம் இன்பிளான்ட் டிரெய்னிங்குக்காக வந்த ஃபைனல் இயர் பார்ட்டியோ!

உள்ளே போனதும் என்ன வேலை? பார்ட்டை எடு, கோ - நோ கோ கேஜில் பொருத்திப் பார். உள்ளே போகவேண்டிய பக்கம் போனால் ஓகே. போகக் கூடாத பக்கமும் போச்சுன்னா ரிஜெக்ட். பத்து மைக்ரான் தப்பினால்கூட சூப்பர்வைசர் முகம் மாறிவிடும்.

"பத்து மைக்ரானுக்கா இந்த ஆட்டம்?" என்று மனசுக்குள் திட்டியிருப்பீர்கள். முடியோட கனம்கூட வராத விஷயம்தானே என்று தோன்றியிருக்கும்.

இப்போ அந்த ஒரு மைக்ரானை ஆயிரம் துண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டுதான் ஒரு நானோ மீட்டர். அதாவது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த உலகத்தில் சைஸ் தப்பினால் பார்ட் ரிஜெக்ட் ஆவதோடு முடியாது. பொருளோட கலரே மாறிவிடும். அது செய்கிற வேலையே மாறிவிடும். இதைக் கண்ணுக்கு நேராகப் பார்க்க ரொம்ப வசதியான பொருள் எது தெரியுமா? உங்க அம்மா கழுத்தில் இருக்கிற அதே தங்கம்!

மஞ்சள் எப்படி சிவப்பாச்சு?

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து மேற்கே போனால் காஞ்சிபுரம். அங்கே அசல் ஜரிகை என்றால் வெள்ளி இழைமேல் தங்க முலாம். அந்த முலாம் எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் மஞ்சளாகத்தான் மின்னும். தங்கம்னா மஞ்சள், அதில் என்ன சந்தேகம்?

கிழக்கே திரும்பிச் சென்னைக்குள் வந்து ஏதாவது ஒரு நானோ வேதியியல் லேபுக்குள் எட்டிப் பாருங்கள். கண்ணாடிக் குடுவையில் தங்கம் இருக்கும். ஆனால் திராட்சை ரசம் மாதிரி செக்கச்செவேல்னு இருக்கும்!

செய்முறை கேட்டால் ரசம் வைக்கிற மாதிரிதான் இருக்கும். முதலில் தங்கத்தை ராஜ திராவகத்தில் கரைத்து உப்பாக்குகிறார்கள். அதைத் துளியூண்டு எடுத்து, நிறைய சுத்தமான தண்ணீரில் கலந்து கொதிக்க வைக்கிறார்கள். வெளிர் மஞ்சள் தண்ணீர் அது. கொதி வந்ததும் சோடியம் சிட்ரேட்டைச் சேர்க்கிறார்கள். எலுமிச்சம்பழத்தில் இருக்கிற சிட்ரிக் அமிலத்தோட சொந்தக்கார உப்பு. சில நிமிஷம் காத்திருந்தால் மஞ்சள் மறையும். லேசான சாம்பல், நீலம், ஊதா என்று மாறி, கடைசியில் சிவப்பு வந்து நிற்கும்.

இந்த முறையில் கிடைக்கிற துகள் ஒவ்வொன்றும் 13 முதல் 20 நானோ மீட்டர் இருக்கும். 13 நானோ மீட்டர் துகளில் எத்தனை தங்க அணு இருக்கும்? கணக்குப் போட்டால் சுமார் 68 ஆயிரம். கேட்க நிறைய மாதிரி தெரியும். ஆனால் அப்படி ஐந்நூறுக்கும் மேற்பட்ட துகள்களை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு ரத்தச் சிவப்பணுவின் அகலம் வரும்.

ஏன் சிவப்பு? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ட நேரத்தில் தள்ளினால் ஆடாது. அதோட தாளத்துக்குத் தள்ளினால்தான் உயரமாக ஆடும். இத்தனூண்டு தங்கத் துகளில் எலக்ட்ரான்கள் மொத்தமாகச் சேர்ந்து ஊஞ்சல் மாதிரி ஆடுகின்றன. அந்த ஆட்டத்தின் தாளம் பச்சை வெளிச்சத்தின் தாளத்தோடு ஒத்துப்போகிறது. ஆகவே வெள்ளை வெளிச்சத்திலிருந்து பச்சையை மட்டும் துகள் விழுங்கிவிடுகிறது. மிச்சம் வெளியே வருவதுதான் நம்ம கண்ணுக்குச் சிவப்பு. இதுக்கு பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்று பெயர்.

சைஸ் கூடினால் தாளம் மாறும், கலர் ஊதாப் பக்கம் நகரும். உருண்டையை நீட்டிக் குச்சியாக்கினால், கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தை விழுங்கும். குடுவையில் ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பைப் போட்டால், தனித்தனியாக மிதந்த துகள்கள் ஒன்றோடு ஒன்று கட்டிக்கொள்ளும். சிவப்பு அப்படியே நீலமாகிவிடும். இந்த சிவப்பு - நீலம் விளையாட்டைக் கொஞ்சம் ஞாபகம் வைச்சுக்குங்க. பின்னாடி ஒரு பெரிய விஷயத்துக்கு வேணும்.

ஒரு கிராம் கணக்கு!

ஒரு கிராம் தங்கத்தைக் கனசதுரமாக வார்த்தால் ஒரு பக்கம் நாலு மில்லி மீட்டர்கூட இருக்காது. அதன் மொத்த மேற்பரப்பு, உங்க கட்டை விரல் நகம் அளவுதான். அதே ஒரு கிராமை 20 நானோ மீட்டர் உருண்டைகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 15 சதுர மீட்டரைத் தாண்டும். கிட்டத்தட்ட பத்துக்குப் பதினாறு ரூம்! ஸ்ரீபெரும்புதூரில் நாலு பேர் ஷேர் பண்ணித் தங்குவாங்களே, அந்த அளவு. வேதியியல் வேலை எல்லாம் மேற்பரப்பில்தான் நடக்கிறது. அதனால்தான் கொஞ்சூண்டு தங்கம் எக்கச்சக்க வேலை செய்கிறது.

ஷெல்ஃபில் தூங்கிய நூறு வருஷம்

இது ஏதோ கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் லைக்கர்கஸ் கோப்பை என்று ஒரு ரோமானியக் கண்ணாடிக் கோப்பை இருக்கிறது. நாலாம் நூற்றாண்டுச் சரக்கு. வெளியிலிருந்து வெளிச்சம் பட்டால் பச்சை, உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு. கண்ணாடிக்குள் கலந்திருக்கிற தங்க, வெள்ளி நானோ துகள்களின் வேலை அது. செய்தவருக்கு நானோவும் தெரியாது, எலக்ட்ரானும் தெரியாது. எல்லாம் கைப்பக்குவம்!

காரணத்தைத் தேடி முதலில் சீரியஸாக இறங்கியவர் மைக்கேல் ஃபாரடே. ஆமாம், உங்க பிளாண்டில் ஓடுகிற மோட்டாருக்கெல்லாம் தாத்தா. 1857-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். சிவப்பாகத் தெரிகிற திரவத்தில் இருப்பது தங்கம்தான், ரொம்பப் பொடியாக இருப்பதால்தான் கலர் மாறித் தெரிகிறது என்று சொன்னார். அவர் தயாரித்த குப்பிகளில் சில இன்னும் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பத்திரமாக இருக்கின்றன.

அதுக்கப்புறம்? ரிச்சர்ட் ஜிக்மாண்டி என்கிற விஞ்ஞானி, இந்த மாதிரித் துகள்களைப் பார்க்கவென்றே ஒரு நுண்ணோக்கி அமைக்கும் வேலையில் பங்கெடுத்தார். 1925-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு வாங்கினார். ஆனால் மருத்துவத்தில் இந்தத் தங்கம் பெரிசாக நுழையவில்லை. ஏன்?

சைஸ்தான் பிரச்னை! ஒரு தடவை செய்தால் ஒரு அளவு, மறுதடவை வேறு அளவு. நம்ம லைனில் இப்படி பார்ட் வந்தால் என்ன ஆகும்? லைனையே நிறுத்திவிடுவார்கள் இல்லையா? அதேதான். 1951-ல் ஜான் டர்கேவிச் குழு சிட்ரேட் முறையை ஒழுங்குபடுத்தியது. 1973-ல் ஃப்ரென்ஸ் என்பவர், சிட்ரேட்டின் அளவைக் கூட்டிக் குறைத்தால் துகளின் சைஸை நாமே முடிவு பண்ணலாம் என்று காட்டினார். இன்றைக்கும் உலகம் முழுக்க லேபுகளில் புழங்குவது இந்த ரெசிப்பிதான்.

சைஸ் கைக்குள் வந்ததும் கதவுகள் திறந்தன. 1971-லேயே ஃபாக், டெய்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கத் துகளில் ஆன்டிபாடியை ஒட்டி ஒரு வேலை செய்திருந்தார்கள். ஆன்டிபாடி, தான் தேடுகிற புரதத்தை மட்டும் கரெக்டாகப் போய்ப் பிடிக்கும். தங்கம் கனமான உலோகம் என்பதால் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கரும்புள்ளியாகத் தெரியும். செல்லுக்குள் எந்தப் புரதம் எந்த மூலையில் இருக்கிறது என்று, மேப்பில் குண்டூசி குத்துகிற மாதிரி குறிக்க முடிந்தது. ஆராய்ச்சி உலகில் இன்றும் நடக்கிற வேலை இது.

கோடு ஒண்ணா, ரெண்டா?

சரி, லேபை விடுங்க. நீங்களே இந்தத் தங்கத்தைக் கையில் பிடித்திருக்கலாம். எப்போ?

கொரோனா காலம். 2020 ஜூனில் ஐ.சி.எம்.ஆர். ரேபிட் ஆன்டிஜென் டெஸ்ட்டைப் பயன்படுத்த அனுமதித்தது. மூக்குக்குள் குச்சி, ஒரு பிளாஸ்டிக் கார்டு, சில துளி திரவம், கால் மணி நேரக் காத்திருப்பு. அந்த மாதிரிப் பல கார்டுகளில் தெரிந்த சிவப்புக் கோடு வெறும் சாயம் இல்லை. தங்க நானோ துகள்! மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற கர்ப்பப் பரிசோதனைக் கார்டுகள் பலவற்றிலும், மலேரியா கிட்களிலும் இதே கதைதான்.

உள்ளே நடப்பது இதுதான். கார்டுக்குள் ஒரு பட்டை இருக்கிறது. நீங்கள் விடுகிற துளி, திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி அதில் ஊர்ந்து போகும். வழியில் ஒரு திட்டில், ஆன்டிபாடி ஒட்டிய தங்கத் துகள்கள் காய்ந்து காத்திருக்கின்றன. துளியில் வைரஸின் புரதமோ, கர்ப்பத்துக்கான ஹார்மோனோ இருந்தால் தங்கம் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே கிளம்பும். 'டி' என்று போட்ட இடத்தில் இன்னொரு ஆன்டிபாடி கோடாகப் பூசப்பட்டிருக்கிறது. அது மறுபக்கத்திலிருந்து பிடித்து நிறுத்தும். ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் துகள்கள் அங்கே மாட்டிச் சேரும்போது சிவப்புக் கோடு தெரிகிறது. எதையும் பிடிக்காத துகள்கள் தாண்டிப் போய் 'சி' கோட்டில் நிற்கும். 'சி' வந்தால் கார்டு ஒழுங்காக ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு கார்டுக்குத் தேவைப்படுவது சில மைக்ரோகிராம் தங்கம்தான். ஒரு கிராமில் லட்சக்கணக்கான கார்டு போடலாம். அதனால்தான் தங்கம் இருந்தும் கார்டு கட்டுப்படியாகிறது.

இது ஏதோ வேடிக்கை இல்லை பாஸ். 2021 மே மாதம், இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது, இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் பாதுகாப்பு கேட்டு வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். ஆலை சில நாள் மூடப்பட்டது. ஒரே லைனில் தோளோடு தோள் நிற்கிறவர்களுக்கு, பக்கத்தில் நிற்பவருக்குத் தொற்று இருக்கிறதா என்பது அன்று உயிர்ப் பிரச்னை. அந்தக் கேள்விக்குக் கால் மணி நேரத்தில் ஒரு பதில் சொன்னது இந்த மாதிரிக் கார்டு.

ஆனா, அந்தப் பதிலைச் சரியா படிக்கத் தெரியணும். நாலே விஷயம்.

'சி' கோடு வரவில்லையா? அந்தக் கார்டு செல்லாது. 'டி' இருந்தாலும் செல்லாது. புதுசு எடுங்க.

'டி' கோடு மங்கலாகத் தெரிகிறதா? சொன்ன நேரத்துக்குள் வந்திருந்தால் மங்கலும் பாசிட்டிவ்தான். "லேசாத்தானே இருக்கு" என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

மறந்துவிட்டு ராத்திரி எடுத்துப் பார்த்தீர்களா? நேரம் தாண்டிய பிறகு தெரிகிற கோட்டை நம்பாதீர்கள்.

கோடே வரவில்லை, ஆனால் உடம்பு சரியில்லையா? துளியில் புரதம் குறைவாக இருந்தால் தங்கத்துக்குப் பிடிக்க ஆள் கிடைக்காது. அவ்வளவுதான். நோய் இல்லை என்று ஆகிவிடாது. அதனால்தான் அறிகுறி இருந்து ஆன்டிஜென் டெஸ்ட்டில் நெகட்டிவ் வந்தவர்களுக்கு ஆர்.டி.பி.சி.ஆர். எடுக்கச் சொல்லி ஐ.சி.எம்.ஆர். விதி வைத்தது. கர்ப்பப் பரிசோதனையும் அப்படியே. கார்டு ஆரம்பம்தான், முடிவைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

ஐ.ஐ.டி.யில் ஒரு குடிநீர்க் கேள்வி

இருங்காட்டுக்கோட்டைக்குக் கொஞ்சம் கிழக்கே செம்பரம்பாக்கம் ஏரி. சென்னைக்குக் குடிதண்ணீர் தருகிற ஏரிகளில் ஒன்று. தண்ணீர் தெளிவாக இருந்தால் மட்டும் போதுமா? கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கொல்லி இருந்தால்?

2003-ல் இந்தியாவே இதைக் கேட்டது. அந்த வருஷம் பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பாட்டில் குடிநீரில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிக்கை விட்டது. ஆகஸ்ட்டில் கூல்டிரிங்க்ஸ் பற்றி இன்னொரு அறிக்கை. பார்லிமென்ட் வரை அதிர்ந்தது.

அதே காலகட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் பேராசிரியர் டி.பிரதீப்பும் அவர் மாணவர் ஏ.ஸ்ரீகுமரன் நாயரும் வேறொரு விஷயத்தைக் கவனித்திருந்தார்கள். வெள்ளி, தங்க நானோ துகள்களோடு குளோரின் கலந்த சில கரிமச் சேர்மங்களைச் சேர்த்தால், சாதாரண வெப்பநிலையிலேயே அவை உடைந்துபோயின. பெரிய கட்டித் தங்கம் செய்யாத வேலை அது. பல பூச்சிக்கொல்லிகளிலும் குளோரின் இருக்கிறதே! அப்போ இதையே தண்ணீரைச் சுத்தம் பண்ணப் பயன்படுத்தினால்?

எண்டோசல்ஃபானை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே கேரளத்தின் காசர்கோடு ஞாபகம் வரும். முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளித்த மருந்து, தலைமுறை தாண்டி மக்களைப் பாதித்த சோகம். 2011-ல்தான் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அதற்குத் தடை போட்டது. அதற்கு எட்டு வருஷம் முன்னால், 2003-லேயே, பிரதீப் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. எண்டோசல்ஃபான் இருக்கிற கரைசலில் தங்க நானோ திரவத்தைச் சேர்த்தால் சிவப்பு மாறி நீலமாகிறது! ஞாபகம் இருக்கா, அந்த உப்பு விளையாட்டு? துகள்கள் ஒட்டிக்கொண்டால் நீலம். இங்கே ஒட்ட வைத்தது விஷம். தங்கம் வாய் திறந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

கண்டுபிடிப்பது ஒன்று, வீட்டுக்குக் கொண்டுபோவது இன்னொன்று. நானோ துகளை அப்படியே தண்ணீரில் விட்டால் அதையும் சேர்த்துக் குடிக்க வேண்டி வரும். எனவே அலுமினா என்கிற திடப்பொருளின்மேல் துகள்களைப் பிடிப்பாக ஒட்ட வைத்தார்கள். ஒரு குடுவையில் நடந்தது ஒவ்வொரு வடிகட்டியிலும் அதே மாதிரி நடக்கணும். யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2007-ல் அந்தப் பூச்சிக்கொல்லி வடிகட்டி கடைக்கு வந்தது. ஆராய்ச்சியில் தங்கமும் வெள்ளியும் இருந்தாலும், வடிகட்டிக்குள் போனது வெள்ளி. விலையை நினைத்தால் இதில் ஆச்சரியமில்லை. பிரதீப் பிறகு ஆர்சனிக் விஷத்தை நீக்கும் 'அம்ரித்' தொழில்நுட்பத்தையும் உருவாக்கினார். அதில் இரும்புச் சேர்மங்கள். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பேப்பரில் வந்த செய்திக்கும், பக்கத்து ஏரித் தண்ணீருக்கும், லேப் குடுவைக்கும் இடையில் இப்படி ஒரு கோடு போட முடியும் என்று காட்டினார்கள் பாருங்கள், அதுதான் விஷயம்!

புராஜெக்ட் பண்றவங்க கவனிக்க!

புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழு 2004-ல் ஒரு சூப்பர் வேலை செய்தது. எலுமிச்சைப் புல்லை வேகவைத்த சாறு, தங்க உப்புக் கரைசல். அவ்வளவுதான், ரெண்டையும் கலந்தார்கள். முக்கோண வடிவத்தில் தங்க நானோ தகடுகள் கிடைத்தன! 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் வந்தது அந்த ஆய்வு.

அதுக்கப்புறம் நம்ம ஊர்க் காலேஜ்களில் துளசி, வேம்பு, முருங்கை என்று ஒரு இலையும் பாக்கி இல்லை. எம்.எஸ்சி. புராஜெக்ட் என்றாலே இலைச் சாறு, நானோ துகள். தப்பே இல்லை. செலவு குறைவு, விஷ ரசாயனம் இல்லை. ஆனால் "சார், கலர் மாறிடுச்சு, முடிஞ்சுது" என்று அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். மழைக்காலத் துளசியும் வெயில்காலத் துளசியும் ஒன்றில்லை. இன்றைக்கு வந்த சைஸ் அடுத்த மாசமும் வருமா? மூன்று முறை செய்து பார்த்தீர்களா? ஸ்பெக்ட்ரோமீட்டரில் 520 நானோ மீட்டர் பக்கம் வருகிற அந்த உச்சி, அதே இடத்தில் நிற்கிறதா? எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படத்தில் அழகாக இருந்த ஒரு மூலையை மட்டும் காட்டினீர்களா, இல்லை நூறு துகளை அளந்து சராசரி போட்டீர்களா?

சிப்காட்டில் ஒரு ஐ.டி.ஐ. பையன் தினமும் கேஜை வைத்துக் கேட்கிற கேள்விகள்தான் இவை.

கேன்சர்: நம்பிக்கை எவ்வளவு, நிஜம் எவ்வளவு?

"தங்கத் துகளால் கேன்சர் குணம்!" என்று தலைப்பு பார்த்திருப்பீர்கள். எவ்வளவு தூரம் உண்மை?

அகச்சிவப்பு வெளிச்சம் சதைக்குள் ஓரளவு ஆழம் போகும். தங்கத்தைச் சரியான வடிவத்தில் செய்தால் அந்த வெளிச்சத்தை விழுங்கிச் சூடாகும். கட்டிக்குள் தங்கத்தைச் சேர்த்து, வெளிச்சத்தைப் பாய்ச்சினால், கட்டி மட்டும் வெந்துபோகும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் இருவரும் இதற்கென்றே 'நானோ ஷெல்' செய்தார்கள். உள்ளே மணல் ஜாதி சிலிக்கா உருண்டை, மேலே தங்கத் தோல். 2003-ல் எலிகளில் பலித்தது.

மனிதர்களுக்கு வர எத்தனை வருஷம் ஆச்சு? 2019-ல்தான் முதல் கட்ட முடிவுகள் வெளிவந்தன. புராஸ்டேட் கேன்சர் உள்ள 16 பேர் அந்தச் சோதனையில் சேர்ந்தார்கள். துகள்களை ரத்த நாளத்தில் ஏற்றி, மறுநாள் லேசரால் சூடாக்கினார்கள். 15 பேருக்குச் சிகிச்சையை முழுசாகச் செய்ய முடிந்தது. நம்பிக்கை தருகிற முடிவுதான். ஆனால் 16 பேர் என்பது ஒரு கம்பெனி பஸ்ஸில் பாதி சீட்டுக்கும் குறைவு! இது நிரூபணமான பொதுச் சிகிச்சை ஆக இன்னும் பெரிய சோதனைகள் வேண்டும். உடம்புக்குள் போன தங்கத் துகள்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்குகின்றன, சீக்கிரம் வெளியேறுவதில்லை. நீண்ட நாளில் அது என்ன செய்யும் என்பதும் முக்கியமான கேள்வி.

வீட்டில் யாருக்காவது அந்த நோய் இருந்தால், பேப்பர் தலைப்பைப் பார்த்து ஓடுகிற சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். தயவுசெய்து.

தங்க பஸ்பம் சாப்பிடலாமா?

இந்தக் கேள்வி வராமல் தமிழ்நாட்டில் தங்கத்தைப் பற்றி எழுத முடியுமா? தங்க பஸ்பம் சாப்பிட்டால் மேனி தகதகக்கும் என்று சினிமா ஸ்டார்களைச் சுற்றியே எத்தனை கதை! சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் தங்க பஸ்பம் இருப்பது உண்மை. சில மாதிரிகளில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் நானோ அளவில் இருப்பதாலேயே ஒரு பொருள் மருந்தாகிவிடாது. எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள், பக்க விளைவு என்ன என்று ஆட்களிடம் சோதித்துக் காட்டணும். ஒழுங்காகத் தயாரிக்காத பஸ்பத்தில் வேறு உலோகங்கள் கலந்திருந்தால் கிட்னி காலி. பதிவு பெற்ற மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

அதேபோல 'நானோ கோல்டு' என்று லேபிள் ஒட்டி க்ரீம், ஃபேஷியல், தண்ணீர் பாட்டில் என்று ஏகப்பட்ட ஐட்டம் வருகிறது. வாங்கும்முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது வேலை செய்யுதுன்னு எங்கே அளந்து காட்டியிருக்காங்க?" பதில் வரலைன்னா பர்ஸை மூடிடுங்க.

சரி, நமக்கு என்ன வேலை?

"இதெல்லாம் பிஎச்.டி. ஆளுங்க சமாசாரம், நமக்கெதுக்கு?" என்கிறீர்களா? இல்லவே இல்லை.

அந்த டெஸ்ட் கார்டு எப்படித் தயாராகிறது என்று யோசியுங்கள். நைட்ரோ செல்லுலோஸ் ரோல், லேமினேஷன் மெஷின், மயிரிழைக் கோடு போடுகிற டிஸ்பென்சர், ஈரப்பதம் கட்டுப்படுத்திய ரூம், சில மில்லி மீட்டர் அகலத்தில் பட்டையை வெட்டுகிற கட்டர், பேட்சுக்குப் பேட்ச் சாம்பிள் செக்கிங். கோடு போடும்போது திரவம் கொஞ்சம் குறைந்தால், பட்டை ஒரு அரை மில்லி கோணலாக வெட்டுப்பட்டால், எங்கேயோ ஒருவருக்கு வரவேண்டிய கோடு வராது. இதைப் பார்த்துக்கொள்ளக் கெமிஸ்ட்ரி டிகிரி மட்டும் போதாது. மெக்கானிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன், குவாலிட்டி தெரிந்த ஆள் வேணும். உங்களை மாதிரி!

படிக்க ஆசையா? இயற்பியல், வேதியியல், பயோடெக் எதிலிருந்தும் இந்தப் பக்கம் வரலாம். சென்னை ஐ.ஐ.டி., கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நானோ அறிவியல் மையம், காரைக்குடி மத்திய மின் வேதியியல் ஆய்வகம், தஞ்சாவூர் சாஸ்த்ராவின் நானோ மையம் என்று வாசல்கள் நம்ம ஊரிலேயே இருக்கின்றன. 'நானோ' என்று பெயர் போட்ட கோர்ஸில் கண்ணை மூடிக்கொண்டு காசு கட்டாதீர்கள். அங்கே என்ன கருவி இருக்கிறது, மாணவர்கள் அதைத் தொட விடுவார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

ஃபாரடேயின் சிவப்புக் குப்பி நூறு வருஷம் ஷெல்ஃபில் தூங்கியதே, ஏன்? தங்கம் இல்லாமலா, அறிவு இல்லாமலா? ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்ய வழி தெரியாமல்தான். அந்த வழி தெரிந்த பிறகுதான் அது ஒரு தாயின் கையில் கோடாகவும், ஒரு தொழிலாளியின் கையில் பதிலாகவும் வந்தது.

நாளைக்குக் காலையில் ஷிஃப்ட்டில் கேஜைக் கையில் எடுக்கும்போது, "பத்து மைக்ரான்தானே"ன்னு விட்டுடாதீங்க. இன்னொரு தரம் அளந்து பாருங்க!